சந்தனம் வைத்த சிஸ்டம் டிஸ்க்

இன்று காலை புது லேப்டாப்புக்கு ரெக்கவரி டிரைவ் செய்ய உட்கார்ந்தேன். ஒரு பென்டிரைவைச் சொருகி, திரையில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சரி சரி என்று அழுத்திவிட்டுக் காத்திருந்தேன். லேப்டாப் என்றைக்காவது எழுந்திருக்க மாட்டேன் என்று மக்கர் செய்தால் இந்தப் பென்டிரைவை வைத்து எழுப்பிவிடலாம். பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது உன் மேல் எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. நீ செத்து இன்னும் வருடம் திரும்பவில்லை. செத்தவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

இதே வேலையைச் செய்ய விடு என்றுதான் அன்றைக்கு உன்னிடம் கெஞ்சினேன். எண்பதுகளின் கடைசி அது. தென்காசியில் எங்கள் வீட்டு முன்னறையை அப்பா நமக்குக் கொடுத்திருந்தார். குற்றாலத்தில் கேசட் கடை வைத்திருந்த உன் அண்ணன் கம்ப்யூட்டர் வாங்கித் தந்திருந்தார். காலேஜ் முடித்த இரண்டு பெண்கள் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தப் போகிறோம் என்றால் ஊர் சிரிக்காதா? சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "ஒரு வருசம் நடத்திப் பாருங்க பிள்ளைகளா. அதுவரைக்கும் மாப்பிள்ளைப் பேச்சே எடுக்க மாட்டேன்" என்றார். அந்த ஒரு வருடம்தான் என் கையில் இருந்தது. உனக்கும் அது தெரியும்.

அந்த மெஷினுக்குள் ஹார்ட் டிஸ்க் கிடையாது. சிஸ்டம் டிஸ்க் என்கிற கறுப்பு ஃபிளாப்பியைச் சொருகினால்தான் தினமும் கண்ணைத் திறக்கும். நம்மிடம் இருந்தது ஒன்றே ஒன்று. மதுரையிலிருந்து வந்து மெஷினை மாட்டியவர் கிளம்பும்போது படித்துப் படித்துச் சொன்னார்: "முதல்ல இதுக்கு ரெண்டு காப்பி எடுத்து வச்சிருங்கம்மா." வெறும் ஃபிளாப்பிகள் பெட்டி பிரிக்காமல் அலமாரியில் இருந்தன. நான் அன்றைக்கே எடுக்க உட்கார்ந்தேன். நீ என் கையைத் தட்டிவிட்டாய்.

"ஏட்டி, எங்க அண்ணன் கடையில பாத்திருக்கேன்லா? காப்பி எடுக்க எடுக்க மாஸ்டர் கேசட் தேஞ்சு போவுது. பாட்டெல்லாம் கரகரங்குது. இது தேஞ்சா என்ன செய்வ?"

கேசட் வேறு, இது வேறு என்று எத்தனை தடவை சொன்னேன்! சாரல் காலத்தில் குளிக்கப் போன அன்று, பேரருவி இரைச்சலில் ஒருத்தி பேசுவது ஒருத்திக்குக் கேட்காமல், பெண்கள் பக்கத்தில் நின்று கத்திக் கத்திச் சண்டை போட்டோம். "தேயாதுட்டி!" என்று நான். "தேயும்ட்டி!" என்று நீ. இந்த அருவியில் வந்து என்னத்துக்கு மல்லுக்கு நிற்கிறார்கள் என்று குளிக்க வந்த அம்மாமாரெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் மங்குஸ்தான் வாங்கி உடைத்து, பெரிய பாதியை எனக்குத் தந்தாய். சண்டை போட்ட அன்றைக்கும் பெரிய பாதியை எனக்குத்தான் தருவாய். அதனால்தான் உன்னை முழுசாக வெறுக்கவும் முடியாமல் போயிற்று. வீட்டுக்கு வந்து மறுபடியும் அதே சண்டை. அப்பா ஈஸிசேரில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

சரஸ்வதி பூசை வந்தது. அதுவரை நாம் இரண்டு பேரும் பழகிக்கொண்டுதான் இருந்தோம். மறுநாள் விஜயதசமிக்குத்தான் முதல் பிள்ளைகள் அப்பா அம்மாவோடு வந்து சேர்வதாக இருந்தது. பார்த்து, நான் அந்த நேரத்தில் வீட்டுக்குத் தூரம். எங்கள் வீட்டில் அந்த மூன்று நாளும் பின்கட்டு அறைதான். பூசை வைத்திருக்கும் பக்கம் தலையைக்கூடக் காட்ட முடியாது. அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். நீ தனியாகவே எல்லாம் செய்தாய். மெஷினுக்கு மாலை போட்டாய், கீபோர்டுக்குப் பொட்டு வைத்தாய். உறையோடு சாமிக்கு வைக்கக் கூடாது என்று நீயே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, காகித உறையிலிருந்து டிஸ்க்கை எடுத்து வெறுமனே வைத்தாய்.

ஃபிளாப்பியில் நீளவாக்கில் ஒரு திறப்பு உண்டு. அதன் வழியாகத்தான் மெஷின் படிக்கும். விரல்கூடப் படக் கூடாது. புத்தகத்துக்கும் தராசுக்கும் பொட்டு வைப்பதுபோல நீ அந்தத் திறப்பிலேயே சந்தனத்தைக் குழைத்து வைத்து, மேலே குங்குமமும் வைத்துவிட்டாய். காலையில் அதை முந்தானையால் துடைத்துவிட்டு மெஷினில் சொருகினாய். பின்கட்டு எவ்வளவு தூரம்? ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா?

முன்னறை நிறையப் பிள்ளைகளும் பெற்றவர்களும். நான் பின்பக்கக் கதவுக்கு மறைவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சோற்றில் கல் கடிபட்டதுபோல டிரைவ் நறநறவென்றது. எடுத்து மறுபடி போட்டாய். மறுபடியும் அதே சத்தம். "என்னம்மா, ஓடாதா?" என்று யாரோ கேட்டார்கள். அப்பா எழுந்து வந்தார்.

"என்னாச்சு?"

"தெரியலையே மாமா. அவ எடுத்திருப்பா. காப்பி எடுக்கணும் காப்பி எடுக்கணும்னு நின்னாள்லா? பூசையில இருந்து எடுத்துப் போட்டுப் பாத்திருப்பா."

யோசித்துப் பார். தீட்டோடு ஒருத்தி பூசையில் கை வைத்தாள் என்று, அத்தனை பேர் முன்னிலையில், அவளைப் பெற்ற தகப்பனிடம் சொல்கிறாய். ஒரு நொடிப் பயம், வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாய் என்றே வைத்துக்கொள்கிறேன். அடுத்த நொடி என்ன ஆயிற்று உனக்கு? அதற்கடுத்த நொடி?

கூட்டம் கலைந்த பிறகு டிஸ்க்கை வாங்கிப் பார்த்தேன். திறப்பின் ஓரமெல்லாம் காய்ந்த சந்தனம். அப்பாவிடம் காட்டினேன். "பூசையில வச்சா சந்தனம் இருக்கத்தான்ட்டி செய்யும்" என்றார். நான் தொடவேயில்லை என்றேன். "அந்தப் பிள்ளை எதுக்குப் பொய் சொல்லப் போவுது?" என்றார். அந்தப் பிள்ளை அங்கேதான் நின்றது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மதுரையிலிருந்து வேறு சிஸ்டம் டிஸ்க் அடுத்த வாரமே வந்துவிட்டது. டிரைவைத் துடைத்துப் போட்டதும் மெஷின் பழையபடி ஓடியது. முன்னறையைத்தான் அப்பா திறக்கவில்லை. மெஷின் குற்றாலத்துக்குப் போனது, எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். நீயும் கல்யாணமாகிப் புனேக்குப் போனாய். பத்திரிகை அனுப்பினாய், நாலு மூலையிலும் மஞ்சள் தடவி. அதிலாவது எங்கே தடவ வேண்டும் என்று உனக்குத் தெரிந்திருந்தது.

நான் வேலைக்குப் போக அதற்கப்புறம் வெகுகாலம் ஆயிற்று. திருநெல்வேலியில் சேர்ந்த அலுவலகத்தில் முதல் வேலையாக சிஸ்டம் டிஸ்க்குக்கு இரண்டு நகல் எடுத்தேன். ஒன்று அங்கே, ஒன்று வீட்டில். அசல் தேயவில்லை. தெரிந்துகொள்.

அப்பா கடைசிவரை மாறவில்லை. கடுமையாகச் சொல்ல மாட்டார். ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும், எனக்குத் தலை நரைத்த பிறகும், மெதுவாக, "நீ எதையும் தொட்ராத தாயி" என்பார். அதைக் கேட்டுக்கொண்டு ஓரமாக நிற்பேன்.

உன் காரியத்துக்குக் குற்றாலம் வந்திருந்தேன். உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானே டிஸ்க் ஆன்ட்டி? அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. ஃபிளாப்பிக்குச் சந்தனம் வச்சது அவங்களாமே! பயத்துல உங்க மேல பழியைப் போட்டுட்டாங்களாமே!"

ஆக, உனக்குத் தெரிந்திருக்கிறது. உன் பிள்ளைகளுக்குத் தெரியும், உன் வீட்டுக்காரருக்குத் தெரியும். புனேயில் அது சாப்பிடும்போது சொல்லிச் சிரிக்கிற கதை. உண்மையைச் சொல்லத்தான் செய்திருக்கிறாய், எனக்கு எந்தப் பிரயோசனமும் இல்லாத இடத்தில். ஊருக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தாயே. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தாயே. அப்போது உன் வாய்க்கு என்ன வந்தது?

"எங்க அப்பா இருக்கும்போது உங்க அம்மா இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ட்டி" என்றேன்.

"தாத்தாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

சின்னப் பெண், அவள் மேல் கோபப்பட்டு என்ன செய்ய? தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. தன் மகளைத் தெரியும் என்று இருந்தார். நீ வாயைத் திறந்த அன்றோடு அது போயிற்று. அந்த டிஸ்க்கை நான் தொடவில்லை அப்பா என்று இன்றைக்கும் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் நம்புகிற மாதிரி அதைச் சொல்ல நீ ஒருத்திதான் இருந்தாய்.