கேட்ட பாஷையில் பதில்

என் பிரியமுள்ள நைனாவுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ போய்ச் சேர்ந்த பிறகும் உன்னோடு பேசாமலேயே இருந்துவிட்டேன். செத்தவரிடம் இத்தனை வருஷம் கோபித்துக்கொண்டிருந்தவன் இந்தச் சித்தூர் ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நேற்று உன் பேத்தி தேவகி டிவியில் வந்தாள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆரம்பித்தால் மற்றதும் கூடவே வரும். வரட்டும்.

நீ கடைசியாகப் பார்த்தபோது அவள் இரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். இப்போது கதைப்புத்தகம் எழுதியிருக்கிறாள், தமிழில். பள்ளிக்கூடம் முழுக்கத் தெலுங்கில் படித்த பெண் தமிழில் எழுதியிருக்கிறாளே என்றுதான் திருப்பதியில் ஒரு சின்ன டிவிக்காரர்கள் பேட்டிக்குக் கூப்பிட்டார்கள். நேரடி ஒளிபரப்பு, நடுவில் பார்ப்பவர்கள் போன் செய்து பேசலாம் என்றார்கள். ஊருக்கே சந்தோஷம். எனக்கு மட்டும் அவள் போகாமல் இருந்தால் தேவலை என்று இருந்தது.

காரணம், அந்தப் புத்தகத்தில் உன் கதையும் இருக்கிறது. பெயர் மாற்றித்தான் எழுதியிருக்கிறாள். ஆனால் தெருவின் முதல் வீடு, வாசலில் வேப்பமரம், கணக்கெடுக்க வந்தவருக்கு மோர் கொடுத்த இளம் விவசாயி என்று வந்தால் யாருக்குத் தெரியாது?

இந்தக் கடிதத்தைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காக அதை நான் சொல்லிவிடுகிறேன், நைனா. ஆந்திரா தனி ராஜ்யமான சமயம். எந்த ஊரில் எந்த பாஷைக்காரர் அதிகம் என்று பார்த்து எல்லை போடப்போகிறார்கள் என்று பேச்சு. கணக்கெடுத்தவர் நம் தெருவுக்கு வந்தபோது முதல் வீடு உன்னுடையது. அவர் தெலுங்கில் கேட்டார், நீ தெலுங்கில் பதில் சொன்னாய். அவர் தெலுங்கு என்று எழுதிக்கொண்டார். முதல் வீட்டில் எழுதியதையே தெரு முழுக்கப் போட்டுக்கொண்டு போய்விட்டார் என்பது ஊர்ப்பேச்சு. பிறகு திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று, நாம் ஆந்திரப் பக்கம் நின்றோம். உன் ஒரு வாயால்தான் ஊர் போயிற்றா? படித்தவன் நான், அப்படி இருக்காது என்று தெரியும். ஆனால் ஊருக்குப் பழி போட ஒரு வாசல் வேண்டியிருந்தது.

"தெலுகு எழுதினவன்." அதுதான் உனக்கு அவர்கள் வைத்த பெயர். எனக்கு "தெலுகு எழுதினவன் பையன்". பக்கத்து வீட்டு முனிரத்தினத்தின் அப்பா, தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி நடந்த எல்லை மறியலில் ஜெயிலுக்குப் போய் வந்தவர். அவர் மகனும் நானும் ஒரே பெஞ்சு. தமிழ் வாத்தியார் மாற்றலாகிப் போய், பதில் ஆள் வராதபோது, முனிரத்தினம் வகுப்பு நடுவில் எழுந்து, "வாத்தியாரு ஏன் வரலன்னு இவன் நைனாவக் கேளுங்கடா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று இன்றைக்கும் என்னால் பெயர் சொல்ல முடியும். அதற்கப்புறம் நான் தமிழ் படித்ததெல்லாம் திருத்தணியிலிருந்து வரும் பொட்டலக் காகிதத்தில்தான்.

அந்தப் பக்கம் ஒரு வாத்தியார் வேலைக்கு மனுப் போட்டு, "நீ எங்கள் ராஜ்யத்துக்காரன் இல்லை" என்று திருப்பி அனுப்பப்பட்ட அன்று, களத்தில் கடலைக்காய் காயவைத்துக்கொண்டிருந்த உன்னிடம் வந்து கத்தினேன். ஞாபகம் இருக்கிறதா?

"ஒரு வார்த்த! தமிழுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா உன் வாய் வெந்தா போயிருக்கும்?"

நீ கடலைக்காயைக் கிளறுவதை நிறுத்தவில்லை. "அவன் தெலுகுலதானேடா கேட்டான்" என்றாய்.

அதைவிட முட்டாள்தனமான பதிலை நான் கேட்டதில்லை என்று அன்று நினைத்தேன். "எமன் வந்து எந்த பாஷையில கேக்கறான்னு பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். அதற்கப்புறம் உன்னோடு பேச்சே இல்லை.

சரி, நேற்றைக்கு வருகிறேன். காலையில் தேவகி புறப்பட்டபோது வாசலில் மறித்துக்கொண்டேன்.

"தாத்தா கதையக் கேட்டா வேற கதைக்குப் போயிடு."

"ஏன் நைனா?"

"ஏன்னா கேக்கற? நீ நாளைக்குக் கல்யாணமாகிப் போயிடுவ, இந்த ஊர்ல நான்தான் இருக்கணும்."

"நான் சொல்லலன்னா மட்டும் மறந்துட்டாங்களா?" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். உன் மருமகள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளோடு புத்தூர் வழியாகத் திருப்பதி போகும் பஸ் ஏறினாள். என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை.

பதினோரு மணிக்குக் கதவைச் சாத்தி, டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குறைத்து என்ன பயன்? சுவருக்கு அந்தப் பக்கம் முனிரத்தினத்தின் டிவி அலறிக்கொண்டிருந்தது.

தேவகி ஒரு பெரிய சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் என்னத்தையோ பூசி இரண்டு மடங்கு வெளுப்பாக்கியிருந்தார்கள். பேட்டி எடுத்த அம்மாள் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தாரே தவிரப் படித்த மாதிரி தெரியவில்லை. நல்ல தெலுங்கில், கல்யாணம் எப்போது, சமைக்கத் தெரியுமா என்றெல்லாம் கேட்டார். உன் பேத்தி எல்லாவற்றுக்கும் சிரித்துச் சிரித்துத் தெலுங்கில் பதில் சொன்னாள். பிறகு அந்த அம்மாள் சீட்டைப் பார்த்து, இதில் ஒரு ஊரையே ஆந்திராவுக்கு எழுதிக் கொடுத்த ஆள் வருகிறாராமே, அவர் நிஜமா என்றார்.

தேவகி, "நிஜம்தான். எங்க தாத்தா" என்றாள்.

நைனா, நான் எழுந்து நின்றுவிட்டேன். அவள் மேலே பேசுவதற்குள் ஒரு போன் வந்தது. குரல் முதலில் சுவர் வழியாகக் கேட்டது, சற்றுப் பொறுத்து டிவியிலும் கேட்டது. முனிரத்தினம்!

அந்த அம்மாள் முதலில், உங்க டிவி சவுண்டைக் குறையுங்க என்றார். பக்கத்து வீடு அடங்கியது. உங்க பேர் என்ன, எந்த ஊர் என்று தெலுங்கில் கேட்டார். முனிரத்தினம் தெலுங்கில் சொன்னான். சொல்லிவிட்டு நிற்காமல் பொழிந்து தள்ளினான். இந்தப் பெண்ணின் தாத்தாதான் எங்களைத் தெலுங்கர் என்று எழுதிவிட்டார், நாங்கள் பரம்பரையாகத் தமிழர்கள், எங்கள் அப்பா தமிழுக்காக ஜெயிலுக்குப் போனவர், இதை இந்தப் பெண் சொல்ல வேண்டும், எங்கள் தெருவே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று. அவ்வளவும் தெலுங்கில். தட்டுத் தடுமாறாத, சந்தையில் மாட்டுக்கு விலை பேசுகிற தெலுங்கில்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "இவ்வளவு அழகா தெலுகு பேசறீங்க. உங்க பாஷை தெலுகுன்னு நானும் எழுதிக்கிட்டா தப்பா?" என்று கேட்டார்.

அவனுக்குப் பரிந்து பேச நானே ஒரு நொடி வாயெடுத்தேன் என்றால் நம்புவாயா?

தேவகிதான் பேசினாள், தமிழில். "முனிரத்தினம் பெரிப்பா, நான் தேவகி பேசறேன். பெரிம்மாவுக்குக் கால் கட்டுப் பிரிச்சாங்களா?"

"பிரிச்சாங்கம்மா. இன்னும் ஊனி நடக்க முடியல. புடிச்சிக்கினுதான் நடக்குது" என்றான் அவன், தமிழில், சண்டைக்கு வந்ததையே மறந்துபோய்.

அவள் அந்த அம்மாளிடம் திரும்பினாள். தெலுங்கில்தான் சொன்னாள், எனக்கு அது தமிழாகவே கேட்டது. "பாத்தீங்களா மேடம்? நீங்க தெலுகுல கேட்டீங்க, தெலுகுல சொன்னாரு. நான் தமிழ்ல கேட்டேன், தமிழ்ல சொன்னாரு. எங்க பக்கம் அதுதான் மரியாதை. வந்தவங்க பாஷைய விட்டுட்டு நம்ம பாஷையில பதில் சொன்னா, அவங்கள வெளியிலயே நிக்க வெச்ச மாதிரி. எங்க தாத்தா வந்தவருக்கு மோர் குடுத்தாரு, அவரு பாஷையில பதில் சொன்னாரு. வீட்டுல என்ன பேசறீங்கன்னு அவரு கேக்கவேயில்ல."

நான் உட்கார்ந்தேன். நெஞ்சில் வெகு காலமாகக் குத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று, இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. இவ்வளவு லேசான விஷயமா இது? எனக்குத்தான் தெரியாதா? புத்தூர் சந்தையில் நானே தினமும் செய்கிற காரியம்தானே?

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. முனிரத்தினம், தோளில் துண்டோடு.

"இன்னா வாத்தியாரே, உன் பொண்ணு இப்பிடி மாட்டி வுட்டுட்சே."

"நீயே போய் மாட்டிக்கினே. அவ எங்க மாட்டி வுட்டா?"

"நான் இன்னாப்பா பண்றது? அந்தம்மா தெலுகுலதான கேட்டுச்சு" என்றான்.

உன் வார்த்தை, நைனா. அவனுக்குப் பதில் அந்தம்மா, அவ்வளவுதான். அதை இத்தனை வருஷம் கழித்து அவன் வாயால் கேட்டேன்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெயிலு கொளுத்துது. மோர் கீதா?" என்றான். கொடுத்தேன். நின்றபடியே குடித்தான். டம்ளரைக் கொடுக்கும்போது, "பொண்ணு பரவால்லப்பா. அந்தக் கூட்டத்துலயும் கால் இன்னா ஆச்சுன்னு கேட்டுச்சு பாரு" என்றான். அவனை மன்னித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன், பெஞ்சில் சிரித்தவர்களில் இன்னும் பலர் பாக்கி இருக்கிறார்கள். ஆனால் அவன் போன பிறகு கதவைச் சாத்தவில்லை.

சாயங்காலம் தேவகி வந்தாள். முகத்துப் பூச்சு காதோரம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. "உள்ள ஒரே குளிரு நைனா. ஜாக்கெட்டுல மைக்க குத்தி, அசையாதேன்னுட்டாங்க. கால் தரைக்கு எட்டல. கையக் கால எங்க வெச்சிக்கறதுன்னே தெரியல. பெரிப்பா குரல் கேட்டதும்தான் நம்ம ஊர்ல இருக்கற மாதிரி தைரியம் வந்துட்சு" என்று சிரித்தாள்.

"தாத்தா சங்கதி உனக்கு யார் சொன்னது?"

"தாத்தா அம்மாகிட்ட சொன்னாராம். நீ கேக்கவேயில்லையாமே."

நான் கேட்கவில்லைதான். உன் கடைசி நாட்களில் திருப்பதி ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம். நர்ஸ் வந்து வலி எப்படி இருக்கிறது என்று தெலுங்கில் கேட்டாள், நீ தெலுங்கில் பதில் சொன்னாய். எனக்கு அப்போதும் எரிச்சல். அவள் போனதும் தலையைத் திருப்பி என்னைப் பார்த்து, "துன்னியாடா?" என்றாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வந்தவர் போனவர் எல்லோருக்கும் அவரவர் பாஷையில் பதில் சொன்ன மனுஷன், தன் சொந்த பாஷையில் தன் மகனைக் கேட்டான். அவனுக்கு எந்த பாஷையிலும் பதில் கிடைக்கவில்லை.

துன்னேன் நைனா. அன்றைக்கு வெளியே கடையில் நாலு இட்லி துன்னுட்டுத்தான் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். நீ துன்னியா என்று நான் உன்னைக் கேட்டிருக்க வேண்டும்.

இனி யார் கேட்டாலும் பதில் சொல்வேன். முனிரத்தினம் கேட்டாலும் சொல்வேன். இது உனக்குத் தரும் வாக்கு.

இதை நகரியில் கிடைக்கிற தமிழ் வாரப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன். அடியில் முதலில் என் பெயரையும் எம்.ஏ. பட்டத்தையும் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன், உன் மேல் இருந்த பழியைத் துடைத்தவன் நான்தான் என்று ஊர் அறியட்டும் என்று. துடைத்தது நானில்லையே. உன் பேத்தியும், தன்னை அறியாமல் முனிரத்தினமும் சேர்ந்து துடைத்தார்கள். அதோடு, நாராயணவனத்திலிருந்து சத்தியவேடு வரைக்கும் மோர் கொடுத்து, கேட்ட பாஷையில் பதில் சொல்லி, பழி சுமந்த நைனாக்கள் இன்னும் எத்தனை பேரோ? அவர்கள் வீட்டிலும் முகம் திருப்பிக்கொண்ட மகன் ஒருவன் இருப்பான். பெயர் இல்லாவிட்டால் இதை அவனும் தன் கடிதம் என்று எடுத்துக்கொள்ளலாம். பெயரை அடித்துவிட்டேன். நாளைக் காலை புத்தூரில் தபாலில் போடும்போது இதில் கையெழுத்து இருக்காது.

இப்படிக்கு,
துன்னுட்டு வந்த உன் பையன்