ஓமா என்றால் கட்டி

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ சுகமாக இருப்பதாக எடுத்துக்கொண்டு தங்கை எழுதுவது. நம் வீட்டு வரலாற்றில் முக்கியமான ஒரு முடிவு இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுக்கப்பட்டது. பால்கனியில் இருக்கும் மூன்று துணிக்கொடிகளில் நடுக்கொடி இனி ஆங்கிலச் சொற்களுக்கு மட்டுமே. அப்பா தலைமை தாங்கினார், அப்பாவே முன்மொழிந்தார், எதிர்ப்பு இல்லாததால் நிறைவேறியது. நான் அப்போது குளித்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வு பெற்றவர் சும்மா இருக்கக் கூடாது என்று நீ வாங்கி அனுப்பிய அகராதிதான் தொடக்கம். சுங்க அலுவலகத்தில் காலமெல்லாம் சரக்கை வகை பிரித்த கை, இப்போது சொற்களை வகை பிரிக்கிறது. சொல்லின் தலையைப் பார்த்து அடுக்குவது சோம்பேறி வேலையாம். வாலைப் பார்த்தால்தான் வம்சம் தெரியுமாம். பழைய காலண்டர் தாளைக் கீற்றாக வெட்டி, கீற்றுக்கு ஒரு சொல், அதன் பொருள், அது பிறந்த மொழி என்று எழுதி, ஒரே வால் உள்ளவற்றை வரிசையாகக் கிளிப் போட்டுத் தொங்கவிடுகிறார்.

முதலில் 'சைட்' வந்தது. லத்தீனில் வெட்டு, கொல் என்று பொருள். ஹோமிசைட் மனிதனைக் கொல்வது, சூசைட் தன்னையே கொல்வது, இன்செக்டிசைட் பூச்சியைக் கொல்வது. எல்லாம் என் நைட்டிக்கும் தலையணை உறைக்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தன. எதிர்வீட்டு அக்கா கதவைத் தட்டி, "ஏம்மா, வீட்ல எதாவது மனஸ்தாபமா? எங்கிட்ட சொல்லக் கூடாதா?" என்று கேட்டாள். அடுத்து 'ஃபோபியா', கிரேக்கத்து அச்சம். உயரத்துக்கு, தண்ணீருக்கு, பூட்டிய அறைக்கு என்று உலகத்துப் பயமெல்லாம் ஒரு வாரம் வெயிலில் காய்ந்தது. பிறகு 'ஐடிஸ்'. எந்த உறுப்போடு சேர்கிறதோ அது வீங்கிச் சிவந்திருக்கிறது என்று அர்த்தம். "பரவாயில்ல, இப்ப வெறும் வியாதிதான்" என்று அக்கா நிம்மதியாகப் போனாள்.

இப்போது 'ஓமா' நடக்கிறது. ஓமா என்றால் கட்டி. லிபோமா கொழுப்புக் கட்டி. கார்சினோமாவில் இருப்பது கிரேக்கத்து நண்டு. இதோடு நின்றிருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன்.

கொஞ்ச நாளாக அப்பா நிலைக்கதவில் தோளை இடித்துக்கொள்கிறார். டம்ளருக்குப் பக்கத்தில் தண்ணீர் ஊற்றுகிறார். இடித்தபின் கதவைத்தான் திட்டுகிறார். கூரியர் ஆபீசில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். டாக்டர் கிளாக்கோமா என்றார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பை நசுக்குகிறதாம். இடது கண் ஏற்கெனவே போய்விட்டது, போனது திரும்பாது. வலது கண்ணில் மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்து காப்பாற்றும், ஒருவேளை கூட விடாமல் போட்டால்.

அப்பா நிதானமாகக் கேட்டார். "ஓமான்னா கட்டி. கட்டிக்கு யாராவது சொட்டு மருந்து விடுவாங்களா சார்?" கட்டியே இல்லை, அது வெறும் பெயர் என்றார் டாக்டர். "அப்ப பேரை மாத்துங்க, அப்புறம் மருந்து எழுதுங்க" என்று எழுந்துவிட்டார். அந்தப் பிள்ளை நல்ல பிள்ளைதான், கிரேக்கம் மட்டும் போதாது என்று ஆட்டோவில் வரும்போது தீர்ப்புச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் கிளாக்கோமாவைக் கார்சினோமாவுக்குப் பக்கத்தில் மாட்டினார்.

அன்றிலிருந்து மருந்து பாட்டில் வாங்கியபடியே நிற்கிறது, குறையவில்லை. நான் போட வந்தால் கண்ணை இறுக்கிக்கொள்கிறார், சின்னக் குழந்தை தோற்றுப்போகும். நான் அழுதால், "போடீ, வாலைப் பார்க்கத் தெரியாதவ" என்கிறார். ஒருநாள் ஆபீசிலிருந்து வந்ததும் வராததுமாக நானே அவருடைய அகராதியைப் புரட்டினேன். கிளாக்கோஸ் என்றால் சாம்பல் கலந்த நீலம். அந்தக் காலத்தில் குருடான கண்ணில் அந்த நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்களாம். கட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பக்கத்தைக் காட்டினேன். வாங்கிச் சாய்த்துப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார். அச்சு சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தார்.

இன்னொன்று. போன மாதம் போனில் உன்னிடம் ஓமா என்றால் கட்டிதானே என்று கேட்டாராம். "கரெக்ட்பா, நீங்க சொன்னா சரிதான்" என்றாயாம். உனக்கு மீட்டிங் நேரமாக இருந்திருக்கும். எதற்குக் கேட்கிறார் என்று உனக்குத் தெரியாது, தப்பில்லை. ஆனால் டாக்டருக்கு எதிராக அவர் காட்டும் ஒரே சாட்சி நீதான். பெரியவன் சொல்லிட்டான், அப்புறம் என்ன என்கிறார்.

இப்போது நீ போனில் மாற்றிச் சொன்னால் காது கேட்காதது போல இருப்பார். எழுத்தில் இருப்பதை நம்புவார். டாக்டர் மாதிரி எழுதாதே. படித்தவன் மாதிரி, வாலைப் பற்றி மட்டும் எழுது. சீக்கிரம் எழுது அண்ணா. எனக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

உன் தங்கை.

அன்புள்ள அண்ணனுக்கு,

மழைக்கு முன் நான் எழுதியதற்கு, மழைக்காலம் முடிந்து உன் கடிதம் வந்தது. வேலை நெருக்கடி என்று எழுதியிருந்தாய், புரிகிறது. மிக நன்றாக எழுதியிருந்தாய். கிளாக்கோஸ் பற்றி நான் பார்த்த அகராதியில் இல்லாததெல்லாம் இருந்தது. அப்பா ஒப்புக்கொண்டார். "பாத்தியா, அவன்தான் ஆராய்ச்சி பண்ணியிருக்கான்" என்றார். அன்று இரவே கண்ணைத் திறந்து காட்டினார். இப்போது ஒருவேளையும் தவறுவதில்லை, நேரம் தப்பினால் அவரே கூப்பிடுகிறார். நடுக்கொடிக்குப் புதுக் கீற்று வருவதில்லை, என் துணிதான் காய்கிறது.

அடுத்த விடுமுறைக்கு வரப் பார். முடியாவிட்டால் அடிக்கடி எழுது, அவருக்கு உன் கடிதம் பிடித்திருக்கிறது. மறுபடியும் மறுபடியும் கேட்கிறார். நான்தான் வாசித்துக் காட்டுகிறேன்.

உன் தங்கை.