உப்புக்கும் விடாதவை

லண்டன்
9.11.1986

அன்பு அம்மாவுக்கு, மகன் செல்லமுத்து வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

ஆய்வுகூடத்தில் ஒரு சின்னத் தவறு செய்தேன், பயப்படாதீர்கள். நோயுற்ற எலியின் மூளையை மெல்லிசாகச் சீவி, அதன்மேல் இரத்தத்தின் வெள்ளை அணுக்களை விட்டு, உப்புத் தண்ணீரால் அலச வேண்டும். எனக்கோ காலில் ஒட்டி இரத்தம் குடிக்கும் அட்டை ஞாபகம். "உப்ப வைடா, தானா விழும்" என்பீர்களே. உப்புப் பட்டால் ஒட்டிய அணுக்களும் விழுந்துவிடுமே என்று வெறும் தண்ணீரை ஊற்றினேன். அணுக்கள் எல்லாம் வெடித்துப்போயின. "இரத்தமே உப்புத்தானே!" என்று எங்கள் ஆய்வுகூடத்தை நடத்தும் டொக்டரம்மா சிரித்தார்.

மறுபடி புது அணுக்களை விட்டு, உப்புத் தண்ணீரால் அலசி, சின்னதைப் பெரிதாக்கிக் காட்டும் நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். மற்றவை போய்விட்டன. மூளையின் இரத்தக் குழாயோரம் மட்டும் சில அணுக்கள், மணிமணியாக, பிடித்த பிடியை விடவே இல்லை. கண்ணில்லை, கையில்லை. நோயுள்ள இடம் இதுதான் என்று அவற்றுக்கு யார் சொன்னது அம்மா? எனக்கு எழும்பவே மனம் வரவில்லை.

இங்கும் ஓயாத மழை. புல்லில் நடந்து வந்தாலும் காலில் ஓர் அட்டைகூட இருப்பதில்லை.

தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பில் செருகிக்கொள்வீர்களே, அந்த உப்பு முடிச்சைத் துணியோடு அப்படியே அனுப்புங்கள். தபால் எடுக்க வந்துவிட்டார்கள், முடிக்கிறேன்.

இங்கே உப்பு கிடைக்கும்தான்.

உங்கள் செல்லமுத்து