வெள்ளிக்கிழமை இருப்பு

21-1-1974, திங்கள்

தலைவர் தியாகேசன் இன்று தலையில் குண்டைத் தூக்கிப் போட்டார். கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சட்டப்படி எங்கள் கூட்டுறவு பேங்கில் இருக்கவேண்டிய ரொக்கம் குறைந்துவிட்டதாம். ரிசர்வ் பேங்கிலிருந்து அபராதம் வந்திருக்கிறது. "இன்னொரு தடவை கொறஞ்சுதுன்னா நீங்க பழையபடி கவுண்டருக்கே போயிடுங்கம்மா."

அவர் மகள் கல்யாணத்துக்கு மொய் எழுத ஊரே பணம் எடுத்ததால்தான் குறைந்தது. அதை அவரிடம் யார் சொல்வது? ஒரு வருஷமாக நான் 'பொறுப்பு' மேலாளர். மாதக் கடைசியில் போர்டு கூடி நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. விடுவேனா?

22-1-1974

ஒரு தைரியம். தலைவர் வீட்டுக் கல்யாணம் மாதிரி ஏதாவது வந்தாலொழிய, வெள்ளிக்கிழமை இங்கே யாரும் பணம் எடுப்பதில்லை. லட்சுமியை வெளியே அனுப்பக் கூடாதாம். நானே அன்றைக்குப் பால்காரருக்குக் காசு தரமாட்டேன். ரிசர்வ் பேங்க் பார்ப்பதும் வெள்ளிக்கிழமை இருப்பைத்தான். யார் செய்த புண்ணியமோ!

24-1-1974, வியாழன்

கூலித் தகராறு தீர்ந்தது. நடவுக் கூலி பாக்கியைத் தராமல் அறுவடைக்கு இறங்கமாட்டோம் என்று ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். தாசில்தார் முன்னிலையில் ஒப்பந்தம்: பாக்கி முழுவதும் நாளைக்கே, ரொக்கமாக. "நாளைக்கு வெள்ளிக்கிழமையாச்சே" என்று மிராசுதார்கள் இழுத்தார்களாம். கூலியாட்கள் சங்கத்துக் கண்ணுசாமி, "எங்க வீட்டுப் பக்கம் லட்சுமி வந்தே நாளாச்சுங்க, நாளைக்கு அனுப்பி வைங்க" என்றாராம்.

விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது. அந்த ரொக்கம் எங்கிருந்து போகும்? என் பெட்டகத்திலிருந்துதானே!

"வேணும்னா என் சம்பளத்தக் கொண்டாந்து போடுறேன்" என்கிறார் என் வீட்டுக்காரர். ரயில்வே சம்பளம். எந்த மூலைக்கு?

25-1-1974, வெள்ளி

காலையிலேயே மிராசுதார்கள் வரிசை. மத்தியானத்துக்குள் பெட்டகம் துடைத்துவிட்டாற்போல் ஆகிவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு, இனி கவுண்டர்தான்.

மூன்று மணிக்கு வாசலில் ஒரே சத்தம். கூலி வாங்கிய சனம்! நகைக்கடனைத் திருப்ப வந்திருந்தார்கள். முன்னால் நின்றவள் கண்ணுசாமியின் மனைவி காளியம்மாள். "எண்ணிக்கிட்டு என் தோட்டக் குடுங்கம்மா. வெள்ளிக்கிழம நக வீடு வந்தா விசேஷம்ல?" அங்கேயே போட்டுக்கொண்டாள். அப்புறம் மூக்குத்தி, கொடி, குழந்தை அரைஞாண்... காலையில் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நோட்டுக் கட்டுகளில் சில, பிரிக்காமலேயே திரும்பி வந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாலை இருப்பு: வேண்டியதற்கு மேலேயே.

28-1-1974

"எப்படிம்மா சமாளிச்சீங்க?" என்றார் தலைவர். "நான் எங்கங்க சமாளிச்சேன்? காளியம்மாதான்." புரியாமலே தலையாட்டினார்.

1-2-1974, வெள்ளி

தோடு மின்ன காளியம்மாள் வந்தாள். சேமிப்புக் கணக்கு வேண்டுமாம். ஐந்து ரூபாய். "இன்னிக்குப் போட்டா தங்கும்ல?"

"தங்கும், தங்கும்" என்றேன். பாஸ்புக்கில் கையெழுத்திட்டு, கீழே 'மேலாளர்' என்று மட்டும் எழுதினேன்.