கோழிகளை ஜெயித்த வீடு

பல்லடம்
20-4-96

அன்புள்ள பூவாத்தாளுக்கு,

நான் சுகம். வீடும் இப்போதுதான் குணமாகி வருகிறது. கீதாவும் பேரனும் எப்படி இருக்கிறார்கள்? போனில் கேட்கலாம்தான், உன் அண்ணன் பக்கத்தில் நின்று சிரிப்பாரே, அதனால்தான் கடிதம்.

தலைப்பிரசவத்துக்கு வந்த மகள் சென்னிமலையில் தாய்மாமன் வீட்டில் பெற்றெடுத்த கதை இங்கே டீக்கடை வரைக்கும் போய்விட்டது. புதுவீட்டுக்குக் குடிவந்த மூன்றாம் நாளே, இந்த அடுப்புக்குள் என் பேரப்பிள்ளை படுக்காது என்று நிறைமாத மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய். எனக்குக் கோபமான கோபம். டவுனில் பார்த்த பேங்கு மாதிரி, மேற்குச் சுவர் முழுக்கத் திறக்கவே திறக்காத கண்ணாடி போட்டவன் நானல்லவா! கொத்தனார் அழகிரிசாமி அன்றே சொன்னார், வெயிலை உள்ளே கூப்பிட்டுப்போட்டுக் காத்தை வெளியே நிறுத்துறீங்களேங்க என்று. உமக்கு நாகரிகம் தெரியாது என்றேன்.

நீ போனபின், நம் கோழிப்பண்ணைத் தெர்மாமீட்டர் இரண்டில் ஒன்றைக் கழற்றி வந்தேன். குஞ்சு நிற்கிற உயரத்தில் தொங்கவிட்டால்தானே குஞ்சுக்குச் சுடுவது தெரியும்? அதனால் கீதாவுக்கென்று ஒதுக்கிய அந்த மேற்கு அறையில் உன் பழைய சேலையில் தொட்டில் கட்டி, அதில் தெர்மாமீட்டரைப் படுக்க வைத்தேன். மணிக்கொரு தரம் நான் குனிந்து பார்ப்பதைப் பக்கத்து வீட்டுச் செல்லாத்தாள் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டாள். ஏனுங்க மாமா, புள்ளை யாரு சாடைங்க என்று கேட்டுவிட்டு ஓடினாள். மறுநாள் ஊரே எனக்கு மந்திரிக்க ஆள் தேடியது.

மத்தியானம் மூன்று மணிக்குக் கோழிக் கொட்டகையில் முப்பத்து நாலு டிகிரி. நம் தொட்டிலில் முப்பத்தொன்பது! பொழுது சாய்ந்த பிறகும் மேல்தளம் சூட்டைக் கொட்டிக்கொண்டே இருந்தது. நாலாயிரம் கோழிகளுக்குக் கீற்று வேய்ந்து காற்றோட்டம் பார்த்த மனுசன், பெற்ற மகளுக்குச் சூளை கட்டியிருக்கிறேன்.

விடிந்ததும் அழகிரிசாமி வீட்டில் போய் நின்றேன். கண்ணாடியைப் பெயர்த்துவிட்டு, திறந்து மூடுகிற பலகைக் கதவு வைத்தோம். அதற்கு மேலே அகலமாக ஒரு சன்ஷேடு. எதிர்ச் சுவரில், தளத்தை ஒட்டி, சூடு வெளியேற இரண்டு திறப்பு. மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு, அதன்மேல் ஆளுயரத்தில் தென்னங்கீற்றுப் பந்தல். இப்போது மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று யாரையும் கேட்காமல் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகிறது.

நேற்று மூன்று மணிக்குக் கொட்டகையில் அதே முப்பத்து நாலு. தொட்டிலில் முப்பத்திரண்டு! கோழிகளை ஜெயிச்சுப்போட்டேன், அம்மணி! சும்மா பார்க்க வந்த அழகிரிசாமி தரையில் சாய்ந்தார்; மூன்று பஸ் போகும்வரை குறட்டை. செல்லாத்தாளும் தன் வீட்டுக்குப் பந்தல் போட ஆள் கேட்கிறாள்.

புதன்கிழமை கார் அனுப்புகிறேன். வெயில் தாழட்டும் என்று காத்திருக்காதே. சரியாக மூன்று மணிக்கே வந்து இறங்கு. நான் இன்னும் வாசலில்தான் கட்டிலைப் போட்டிருக்கிறேன். அழகிரிசாமியின் பகல் தூக்கம் கணக்கில் வராது; அந்த அறையில் முதல் ராத்திரி நீங்கள் மூவரும்தான் தூங்க வேண்டும்.

பேரனுக்குச் சென்னிமலை முருகன் துணையிருப்பான். இங்கே துணையில்லாமல் இருப்பது நான்தான்.

இனிமேல் உன் சொல் கேட்கும்,
கந்தப்பன்