பத்துக் கேள்விக்கும் நானே சொன்ன பதில்

மஸ்கெலியா

அன்பு மகன் கிஷாந்துக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்க மாரியம்மன் துணை நிற்கட்டும். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் சொல்ல வந்தால் வேலை இருக்கிறது என்று வெட்டிவிடுகிறாய், அதனால் கத்தாருக்குத் திரும்பும் தர்ஷன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், முழுசாகப் படி.

உன் மகள் பிறந்து நாற்பது நாள் கழிந்த மறுவாரம் கொழும்பிலிருந்து ஒரு பெண் பிள்ளை பைலோடு நம் லயத்து வீட்டுக்கு வந்தது. பிள்ளை பெற்றவர்களின் மனநிலை பற்றி ஆராய்ச்சியாம், பத்துக் கேள்வி. நிலக்ஷியிடம்தான் கேட்டது, உன் பெண்டாட்டி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரையே பார்த்திருந்தாள். நான் முந்திக்கொண்டேன். அழுகை வருதா, தூக்கம் வருதில்லையா, கடைசியாக, உயிரை விடத் தோணுதா, எல்லாவற்றுக்கும் அதெல்லாம் ஒரு குறையும் இல்லீங்க என்று நானே சொல்லி பிளேன்டீயும் ஊற்றிக் கொடுத்தேன். முப்பது வருசம் தோட்டத்தில் விடியவே பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்று, வேலை வாங்கும் கண்டாக்கையாவுக்குப் பதில் சொன்ன வாய், பைலைக் கண்டாலே குறையில்லை என்றுதான் வரும். நாலு நாள் கழித்துக் குழந்தை வீறிட்டு அழுகிறது, இவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், தூக்கவில்லை, சட்டை பாலில் நனைந்து கிடக்கிறது. ஏன்டி என்று கத்தினேன். அந்தக் கடைசிக் கேள்விக்கு ஆமான்னு சொல்லத்தான் இருந்தேன் மாமி, நீங்க விடலையே என்றாள். அந்தக் கொழும்புப் பிள்ளை விட்டுப்போன நம்பருக்கு போன் போட்டு பதிலை மாற்றச் சொன்னேன். தாளில் பெயர் எழுதுவதில்லையாம், எது நம் வீட்டுத் தாள் என்று தெரியாதாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னது. எங்கேயோ ஒரு புத்தகத்தில் அவள் நன்றாக இருப்பதாக அச்சாகப் போகிறது.

இதைப் போனில் சொல்லத் தொடங்கியதுமே நீ என்ன சொன்னாய்? ஊர்ல எவளும் பெறாத பிள்ளையா, நடிக்கிறா என்றாய். ஸ்பீக்கரில் அவளும் கேட்டாள். உன்னைப் பெற்ற வயிறு எரிகிறது. நீ பிறந்தபோது எனக்கும் இப்படித்தான் இருந்தது, கேட்கத்தான் யாரும் வரவில்லை. இப்போது மாத்திரை குடிக்கிறாள், நான் அவளைத் தனியே விடுவதில்லை. வெள்ளிக்கிழமை டாக்டரம்மா, மனசு விட்டுப் பேச உனக்கு யார் இருக்கா என்று அவளைக் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. மாமி இருக்காங்க என்றாள். வேறு யாரும் இல்லையா என்றதற்கு, இல்லை என்று தலையாட்டினாள்.

பெற்றவள் சபிக்கக்கூடாது, நல்லா இரு. வேளைக்குச் சாப்பிடு. போன் எடுத்தால் முதலில் அவளிடம் பேசு, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
நிலக்ஷியின் மாமி
மீனம்மா