துவக்குப் படிவமும் பழைய கொப்பியும்

தை (ஜனவரி) 9, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். உடுப்பு ஒன்றும் காயவில்லை. காட்டுப்பன்றி மறுபடியும் கீழ் வயலில். கதிர் வந்த பகுதி பாய் விரித்த மாதிரிப் படுத்துக் கிடக்கிறது. சீனவெடிக்கு இப்போது அவை திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பன்றி சுட அப்பா துவக்கு அனுமதிக்குப் படிவம் கொண்டுவந்தார். அவருக்கு எழுத வராது. நான் நிரப்பினேன். இணைக்க வேண்டியவை: காணிப் பத்திரப் பிரதி, ஊர் அலுவலர் ஜீ.எஸ்.ஸின் கடிதம், விவசாயத்துக்கான கமநல நிலையக் கடிதம், பொலிஸ் அறிக்கை, டொக்டரின் மெடிக்கல் சான்று.

இரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி: மனநோய்க்குச் சிகிச்சை பெற்றதுண்டா? வாசித்துக் காட்டினேன். அப்பா கூரையைப் பார்த்தார்.

“இல்லை எண்டு போடு.”

போட்டேன்.

சண்டை முடிந்து அகதி முகாமிலிருந்து வந்த வருடம் அப்பாவுக்குத் தொடங்கிய மனநலக் கிளினிக். மாதத்தில் ஒரு வியாழன், பெரியாஸ்பத்திரி. பள்ளிக்கூடம் போகாமல் நான்தான் கூடப் போவேன். சிகிச்சை எழுதும் கொப்பியின் உறையில் அவர் பெயரும் இலக்கமும் என் எட்டாம் வகுப்புக் கையெழுத்தில். நான் உயர்தரப் பரீட்சை எழுதிய வருடம் அப்பா தன்னை முடித்துக்கொள்ளப் பார்த்தார். அம்மா வயல்வரை ஓடிப்போய்ப் பிடித்துக் கூட்டிவந்தார். கொப்பியில் அது இரண்டு வரி. பிறகு கிளினிக்கில் மருந்துக் குளிசை கூட்டினார்கள். பிறகு பயப்படும்படி ஒன்றும் இல்லை.

தை 10, புதன்

பிரதேச செயலகம். நான் வேலை செய்யும் இடம்; எனக்குப் பிறப்பு இறப்புப் பதிவு மேசை. துவக்கு ஃபைல்கள் எதிர் மேசை அக்காவிடம். கேட்டுவிடலாம் என்று இரண்டு தடவை எழும்பினேன்.

“அக்கா, மெடிக்கலில...”

“என்ன தங்கச்சி?”

“ஒண்டுமில்லை அக்கா.”

“அப்பா துவக்குக்குப் போடுறாராம், ஜீ.எஸ். சொன்னவர். கவனம் தங்கச்சி, வீட்டில துவக்கு எண்டா மாப்பிள்ளை வாசல் படலையோட திரும்பிடுவான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

பின்னேரம் அக்கா யாருக்கோ ஃபோனில்: “டொக்டர் ஒரு வரி எழுதினா ஃபைல் அதோட படுத்திடும் அண்ணை. பிறகு எழுப்பேலாது.”

மத்தியானப் பருப்பில் உப்பு கூட. முழுவதையும் சாப்பிட்டேன்.

தை 12, வெள்ளி

மழை இல்லை. உடுப்பு காய்ந்தது.

அப்பாவின் பைக்குள் புதுக் கொப்பி. எண்பது பக்கம், உறைகூடப் போடவில்லை. ஊர் ஆஸ்பத்திரியில் போன மாதம் திறந்தது. பழையது வெள்ளத்தில் போய்விட்டதாம். அங்கே அப்படித்தான் சொல்லியிருக்கிறார். மெடிக்கல் எழுதப்போவதும் அதே ஆஸ்பத்திரி டொக்டர். நோயாளி கொண்டுபோகிற கொப்பியில் இருப்பதுதானே அவருக்குத் தெரியும்.

உள்ளே ஒரே பக்கம். பிரஷர் மட்டும்.

பழைய கொப்பி அலுமாரியில், அம்மாவின் சேலைகளுக்கு அடியில். ஈரம் பட்ட அடையாளமே இல்லை. கடைசித் திகதி கார்த்திகை (நவம்பர்) 9. ஒரு மாதக் குளிசை கொடுத்திருக்கிறார்கள். மார்கழி 7க்கு வரச் சொல்லியிருக்கிறது. போகவில்லை. குளிசைப் போத்தல் வெறுமை.

புதுக் கொப்பியில் அந்த நோய் இல்லை. அதனால் குளிசையும் இல்லை. ஐந்து வாரம். இது எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை? அதிகாலையில் அவர் முற்றத்தில் நடப்பதை நான் பன்றிக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தை 14, ஞாயிறு

அம்மாவிடம் கேட்டேன். தேங்காய் துருவிக்கொண்டே சொன்னார்.

“துவக்கு வந்தா பண்டி வராது. பண்டி வராட்டி அவருக்கு நித்திரை வரும். நித்திரை வந்தா குளிசை என்னத்துக்கு?”

“அம்மா, அந்த வருசம் நடந்தது...”

“வாயை மூடு. தேயிலைத் தோட்டத்தால வந்த எங்களுக்குத் தோட்டக்காட்டார் எண்டு ஒரு பேர் இருக்கு. விசர் எண்டு இன்னொண்டும் வேணுமோ?”

அப்பா வெளியிலிருந்து கேட்டிருக்க வேண்டும். என்னிடம் இல்லை, நாயிடம் சொல்வது போலச் சொன்னார்:

“மேல்வயல்காரன் களவாக் கட்டுத்துவக்குப் பொறி கட்டி வைச்சிருக்கிறான். அவனிட்ட ஆரும் மெடிக்கல் கேட்டவையோ? நான் சட்டப்படி கேக்கிறன். எனக்குத்தான் நூறு கேள்வி.”

அவர் சொல்வதும் சரி. அதுதான் கஷ்டம்.

தை 15, திங்கள்

பொங்கல். பால் நல்லபடி பொங்கியது. அப்பாவுக்குத் தேங்காய் மூன்றாம் அடியில்தான் உடைந்தது. அம்மாவும் பார்த்தார்.

தை 16, செவ்வாய்

அரை நாள் லீவு. மெடிக்கல். பழைய கொப்பி என் கைப்பையில். எடுப்பேனா என்று எனக்கே தெரியாது.

டொக்டர் இளம் ஆள், சிங்களவர். தமிழை யோசித்து யோசித்துப் பேசினார். பிரஷர் பார்த்தார். கண் பார்த்தார். பிறகு, “மனசுக்கு கிளினிக், மருந்து, ஏதும்?”

“ஒண்டும் இல்லை ஐயா.”

டொக்டர் பேனையைத் திறந்தார். நான் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தேன். வைத்ததோடு சரி.

அவர் நெடுநேரம் வாசித்தார். அப்பா சுவரில் இருந்த டெங்குப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப கையெழுத்து இல்லை. முதல் பெரியாஸ்பத்திரி கிளினிக் போங்க. அங்க டொக்டர் கடிதம் தந்தா, பிறகு பாப்பம்.”

படிவத்தையும் கொப்பியையும் என்னிடமே தந்தார். ‘இல்லை’ என்று நான் எழுதியது அப்படியே.

வெளியே சைக்கிளை உருட்டிக்கொண்டு அப்பா முன்னால். மதகடியில் நின்றார்.

“அந்தக் கொப்பிக்கு உறை போட்டது நீதானே.”

“ஓம் அப்பா.”

ஏறிப் போய்விட்டார்.

தை 17, புதன்

அப்பா சாப்பாட்டை அம்மாவிடம் மட்டும் கேட்டார். விடிய என்னைக் கூப்பிட்டு, கீழ் வயலைக் கையால் காட்டினார். நேற்று நின்ற பயிர்த் துண்டும் இன்று இல்லை. ஏசியிருந்தால் நல்லது.

தை 18, வியாழன்

வெயில். எழும்பியபோது அப்பா இல்லை. சைக்கிள் இல்லை. நான் திரும்ப வைத்த பழைய கொப்பியும் அலுமாரியில் இல்லை. புதுக் கொப்பி மேசையில். அம்மா வயலுக்கு ஓடினார். நான் குசினி அடுப்புச் சாம்பலைக் கிளறிப் பார்த்தேன். கொப்பி எரிந்த தடயம் இல்லை. அம்மா திரும்பி வந்து தலையை ஆட்டினார். வயலிலும் இல்லை.

அப்பா என் ஃபோன் அழைப்பை எடுக்கவில்லை. வேலைக்குப் போனேன். ஒரு பிறப்புப் பதிவில் தகப்பன் பெயரைப் பிழையாக எழுதிவிட்டேன்.

பதினொன்றரைக்கு ஃபோன். அப்பா. வேலை நேரத்தில் ஒரு நாளும் அவர் என்னைக் கூப்பிட்டதில்லை.

“பெரியாஸ்பத்திரியில நிக்கிறன். வீட்டு ஆள் ஆரோடயாவது கதைக்கவேணுமாம். நீ கதை.”

கிளினிக் நர்ஸ் மிஸ்ஸியின் குரல். பின்னால் ஒரே சத்தம்.

“துவக்குக்கு எழுதிக் குடுத்தவராம். வீட்டில இப்ப இருக்கோ?”

“இல்லை மிஸ்ஸி.”

“என்ன? கேக்கேல்லை, சத்தமாச் சொல்லுங்கோ. குளிசை எப்பயில இருந்து இல்லை?”

எதிர் மேசையில் அக்கா. பக்கத்தில் மூன்று பேர். வெளியே போகலாம் என்று எழும்பினேன். லைன் விட்டுவிடும் என்று பயம். நின்ற இடத்திலேயே சொன்னேன்.

“மார்கழி ஏழில இருந்து. மனநலக் கிளினிக் குளிசை. அப்பா ஐந்தாறு கிழமையா எடுக்கேல்லை.”

அக்காவின் பேனை நின்றது.

“வீட்டில பொறுப்பான ஆள் எண்டு கொப்பியில உங்கட பேரை எழுதட்டோ?”

“ஓம் மிஸ்ஸி. எழுதுங்கோ.”